கோலி உருட்டும் எலக்ட்ரான் பலகை: 850 ரூபாய்க்கு வாங்கலாமா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த விமர்சனத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான். 850 ரூபாய். கடையில் 950 சொன்னார்கள், எழுந்து வாசல் வரை போய்த் திரும்பியதில் நூறு குறைந்தது. பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் சின்னக் கடை. கடைப் பெயர் வேண்டாம், அவர்களைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் புலம்பப் போகிறேன், அதனால்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். ஆறேழு பேர் வருவார்கள். பிளஸ் ஒன்னில் ஆரம்பத்திலேயே அணு அமைப்பு வந்து உட்கார்ந்துவிடும். எலக்ட்ரான்கள் எந்த ஆர்பிட்டாலில் (அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள இடம், 1எஸ், 2பி, 3டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்) எந்த வரிசையில் நிரம்பும் என்பதைப் பிள்ளைகள் 'ஒன் எஸ் டூ, டூ எஸ் டூ, டூ பி சிக்ஸ்' என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். முப்பது வரை நிறுத்தாமல் போவார்கள். நடுவில் நிறுத்தி, 'சரி, 3டி-க்கு முன்னால் 4எஸ் ஏன் வந்தது' என்று கேட்டால் மாடியில் காக்கா சத்தம் மட்டும்தான் கேட்கும். அதனால்தான் இந்தப் பலகையைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது.

பொருள் எப்படி இருக்கிறது என்றால், இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், நல்ல கனமான ப்ளைவுட், கேரம் போர்டு செய்கிற ஆட்கள் செய்த மாதிரி ஓரமெல்லாம் வழவழவென்று இழைத்திருக்கிறது. முன்பக்கம் அக்ரிலிக் ஷீட், எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். உள்ளே மேலிருந்து கீழ்வரை வளைந்து வளைந்து இறங்கும் ஒரு தடம், அதில் எட்டுத் தட்டு. அடியில் 1எஸ், அதற்கு மேல் 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, உச்சியில் 4பி. எஸ் தட்டில் ஒரு குழி, பி தட்டில் மூன்று, டி தட்டில் ஐந்து. ஒரு குழி ஒரு ஆர்பிட்டால். ஒவ்வொரு தட்டின் குழிகளையும் ஒரு மெல்லிய மரப்பட்டை மூடியிருக்கும், தீப்பெட்டியின் உள்கூட்டை உருவுகிற மாதிரி பக்கவாட்டில் அதை உருவலாம். கீழ்த்தட்டு நிறைந்தால் அடுத்த பட்டையை உருவ வேண்டும், மேலே உள்ள வாயில் கோலியைப் போட வேண்டும், அவ்வளவுதான். எட்டுத் தட்டிலும் சேர்த்து 2, 2, 6, 2, 6, 2, 10, 6, மொத்தம் 36 கோலி கொள்ளும். அதாவது கிரிப்டான் வரை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குழிகளின் ஆழம். ஒரு கோலி விழுந்தால் அதன் தலை தட்டின் தரையோடு சமமாக நிற்கும், ஒரு நூல் கூட மேலே தெரியாது. இதை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். முதல் நாள் கார்பனை நிரப்பச் சொன்னேன். நான்கு கோலி போய் 1எஸ்ஸும் 2எஸ்ஸும் நிறைந்தன. 2பி பட்டையை உருவினோம். ஐந்தாவது கோலி உருண்டு வந்து முதல் குழியில் டக்கென்று உட்கார்ந்தது. ஆறாவது அதன் தலைமேல் ஏறி உருண்டு போய் இரண்டாவது குழியில் டக்கென்று விழுந்தது. நைட்ரஜனுக்காக ஏழாவதைப் போட்டதும் அது இரண்டின் தலையையும் தாண்டிப் போய் மூன்றாவது குழியைப் பிடித்தது. எட்டாவது வந்தபோதுதான் காலிக் குழி இல்லாமல், கடைசிக் கோலியின் மேல் போய் ஏறி நின்றது. அதுதான் ஆக்ஸிஜன். ஹுண்ட் விதியை நான் எத்தனையோ வருஷமாகப் பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டுச் சொல்லியிருக்கிறேன், சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எலக்ட்ரான் உட்காரும் வரை ஜோடி சேராது என்று. அந்த 'டக்' சத்தம் மூன்று தடவை கேட்டதற்கு ஈடாக எதையும் நான் சொன்னதில்லை.

வழக்கமாக இதற்குப் பஸ் சீட் உவமை சொல்வோம், எல்லோரும் முதலில் ஜன்னலோர சீட்டில் தனித்தனியாக உட்காருவார்கள், அப்புறம்தான் பக்கத்தில் ஆள் வரும் என்று. எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு யாருக்கும் அப்படி ஒரு வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதால் அந்த உவமை இங்கே பெரிதாக எடுபடாது.

ஒரு பெண் கேட்டாள், 'மிஸ், இப்படித்தான் உக்காருதுன்னு யாரு போய் பாத்தா?' நல்ல கேள்வி. பலகையைத் தள்ளிவைத்துவிட்டு எண்ணைக் காட்டினேன். ஓர் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல், அதாவது முதல் அயனியாக்கும் ஆற்றல், நைட்ரஜனுக்கு மோலுக்கு 1402 கிலோஜூல். ஆக்ஸிஜன் அதற்கு அடுத்த தனிமம், அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுதல், இழுப்பும் கூடுதல், நியாயமாகப் பார்த்தால் இன்னும் அதிகம் தேவைப்பட வேண்டும். ஆனால் 1314 தான். ஏன் குறைந்தது என்றால், அந்த எட்டாவது கோலி இன்னொன்றின் தலைமேல் நிற்கிறதே, அதனால்தான். ஒரே ஆர்பிட்டாலில் ஜோடியாக நெருக்கிக்கொண்டு இருக்கும் எலக்ட்ரானைக் கழற்றுவது சுலபம். அவள் பலகையில் அந்த எட்டாவது கோலியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்காகவே 850-இல் ஒரு ஐந்நூறு கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்துக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அரைகுறை. ஒரு குழிக்கு மேல் இன்னொரு கோலிக்குத்தான் உயரம் விட்டிருக்கிறார்கள், மூன்றாவது நுழையாது. அது சரி. ஆனால் பௌலி 1925-இல் சொன்னது வெறும் ஆள் கணக்கு இல்லை. ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரானுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் (எலக்ட்ரானின் விலாசம் மாதிரி) ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஒரே ஆர்பிட்டாலில் உட்கார்ந்தாலே முதல் மூன்று எண்ணும் ஒன்றாகிவிடும், மிஞ்சுவது தற்சுழற்சி மட்டும், அதற்கு இரண்டே மதிப்பு, அதனால்தான் இரண்டே பேர். தற்சுழற்சியைக் காட்ட சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறக் கோலி தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பையன் வேண்டுமென்றே 1எஸ்ஸில் இரண்டு சிவப்பைப் போட்டான், பலகை சத்தம் காட்டாமல் வாங்கிக்கொண்டது. 2பி-யில் ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சிவப்பு என்று கலந்து போட்டாலும் வாங்கிக்கொள்ளும், ஹுண்ட் கணக்குப்படி தனியாக உட்காரும் மூன்றும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அதனால் நிறத்தை நீங்கள்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், பலகையை நம்பிப் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள்.

கூடவே ஒரு விளக்கச் சீட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம்தான். அதன் முதல் வரியிலேயே 'விஞ்ஞானி ஆஃபா கண்டுபிடித்த தத்துவம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆஃபா என்று ஒரு விஞ்ஞானி இல்லை. குறைந்த ஆற்றலுள்ள ஆர்பிட்டாலிலிருந்து மேல்நோக்கி நிரப்பிக்கொண்டே போகும் முறைக்குத்தான் அந்தப் பெயர், ஜெர்மன் சொல், கட்டி எழுப்புவது என்று அர்த்தம், கட்டடம் கட்டுகிறோமே, அந்த மாதிரி. 1920-களின் தொடக்கத்தில் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி அணுக்களை ஒவ்வொரு எலக்ட்ரானாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிப் பார்த்தபோது வந்த பெயர். பௌலி ஆள், ஹுண்ட் ஆள் (மனுஷன் 1896-இல் பிறந்து 1997 வரை, நூற்றொரு வயது வரை இருந்தார்), ஆஃபா ஆள் இல்லை. பிள்ளைகள் விடைத்தாளில் 'ஆஃபா என்பவர்' என்று எழுதி நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இப்போது அச்சிலேயே வந்துவிட்டது. அந்தச் சீட்டை நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தட்டுகளின் வரிசை மட்டும் சரி. 'n கூட்டல் l' விதி என்று சொல்வோமே (n என்பது முதன்மைக் குவாண்டம் எண், l எஸ்ஸுக்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2, கூட்டுத்தொகை சிறியது முதலில் நிரம்பும்), மாடலுங் 1936-இல் எழுதிவைத்தது, அதன்படிதான் அடுக்கியிருக்கிறார்கள். 4எஸ்ஸுக்கு 4-உம் 0-உம் சேர்ந்து 4, 3டி-க்கு 3-உம் 2-உம் சேர்ந்து 5, ஆகவே 4எஸ் கீழே. 4பி-க்கும் 5 தான் வருகிறது, கூட்டுத்தொகை சமமானால் முதன்மை எண் சிறியது முந்தும், ஆகவே 3டி முதலில், 4பி பிறகு. இது வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி குறைகள். சின்னதிலிருந்து வருகிறேன்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் 36 கோலிக்கு 34 தான் இருந்தது. சிவப்பு 18, நீலம் 16. எங்கள் பலகை செலினியத்தோடு நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால் செலினியத்தின் அடிநிலைக்கு, அதாவது ஆற்றல் மிகக் குறைவான ஏற்பாட்டுக்கு, தேவையானது அச்சு அசலாக அதே 18 சிவப்பு, 16 நீலம்தான், பதினாறு ஜோடியும் 4பி-யில் இரண்டு தனி ஆளும், ஆகவே கடைக்காரர் விவரம் தெரிந்துதான் இரண்டை எடுத்துக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். போன் செய்தால் 'அடுத்த வாரம் வாங்கம்மா' என்றார்கள். அடுத்த வாரம் போனேன், 'சரக்கு வரல, அடுத்த வாரம்' என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது கடையில் இருந்தவர் வேறு ஆள், அவருக்கு விஷயமே தெரியவில்லை. இரண்டு கோலிக்காக மூன்று முறை பாரிமுனை போய் வந்தவள் நானாகத்தான் இருப்பேன், ஒரே ஆறுதல், ஒவ்வொரு முறையும் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு வந்தேன். தெருமுனைப் பெட்டிக்கடையில் கோலி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அது ஒரு சுற்றுப் பெரிது, 3பி வளைவில் மாட்டிக்கொண்டு, பலகையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியும் அரை மணி நேரம் வரவில்லை. சைக்கிள் கடை பால்ஸ் சின்னது, குழிக்குள் இரண்டு போய்விடும், அப்புறம் பௌலி கோபித்துக்கொள்வார்.

அடுத்த குறை, எல்லாத் தட்டும் ஒரே இடைவெளியில் இருக்கிறது, மாடிப்படி மாதிரி. உண்மையில் 1எஸ்ஸுக்கும் 2எஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது பெரும் பள்ளம், 4எஸ்ஸுக்கும் 3டி-க்கும் நடுவில் இருப்பது வீட்டு வாசற்படி அளவுதான். 850 ரூபாய்ப் பலகையில் அளவு மாறாமல் வரைய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இடைவெளி அளவுப்படி இல்லை' என்று ஒரு வரி அச்சடிக்க என்ன செலவு? இல்லாத விஞ்ஞானியைப் பற்றி எழுத இடம் இருந்ததே.

பெரிய குறை இனிமேல்தான்.

குரோமியம் நிரப்பினோம். 24 கோலி. பலகை பாட்டுக்கு 4எஸ்ஸில் 2, 3டி-யில் 4 என்று நிறுத்தியது. உண்மையில் குரோமியம் அப்படி இல்லை, 4எஸ்ஸில் 1, 3டி-யில் 5. நிறக் கணக்குப் பார்த்தால் பலகை காட்டுவது 14 சிவப்பு, 10 நீலம், அணுவில் இருப்பது 15-க்கு 9. ஆறு பேர் தனியாக நிற்கிறார்கள், பலகையில் நான்கு பேர்தான். தாமிரத்திலும் இதே கதை, பலகை 4எஸ்ஸில் 2, 3டி-யில் 9 என்று காட்டும், உண்மை 1-உம் 10-உம். இந்தப் பலகையில் 4எஸ் நிறையாமல் 3டி பட்டையை உருவிக் கோலி போட்டால், தடத்தில் அடுத்தடுத்து இருப்பதால் கோலி எங்காவது கணக்குத் தப்பிப் போய் உட்காரும், சொன்ன இடத்தில் நிற்காது. முதல் 36 தனிமங்களில் விதி தவறுவது இந்த இரண்டு இடத்தில்தான், தேர்வில் கேட்பதும் இந்த இரண்டையும்தான். அங்கேயே கைவிரித்தால் எப்படி?

ஏன் குரோமியம் அப்படிச் செய்கிறது என்பதற்குப் பாடப்புத்தகம் பரிமாற்ற ஆற்றலைச் சொல்கிறது. ஒரே திசைத் தற்சுழற்சி உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நிலைப்புத் தன்மை கூடும். நான்கு பேர் இருந்தால் 6 ஜோடி, ஐந்து பேர் இருந்தால் 10 ஜோடி. இதைப் பலகை இல்லாமலே காட்டிவிட்டேன், நாலு பிள்ளைகளை எழுப்பி ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் கை கொடுக்கச் சொன்னேன், ஆறு. ஐந்தாவது ஆளைச் சேர்த்தேன், பத்து. ஆனால் பாதி நிறைந்தால் எப்போதும் தனி பலம் என்று மந்திரம் மாதிரி பிடித்துக்கொள்ளவும் கூடாது. குரோமியத்துக்கு நேர் கீழே மாலிப்டினம் அதே மாதிரி 5-உம் 1-உம் என்று நிற்கிறது, அதற்கும் கீழே டங்ஸ்டன், 5டி-யில் 4, 6எஸ்ஸில் 2 என்று பழைய வரிசைக்கே திரும்பிவிடுகிறது. பல்லேடியம் ஒரு படி மேலே போய் 5எஸ்ஸைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு 4டி-யில் பத்தையும் வைத்துக்கொள்கிறது. அணு எந்த விதியையும் மனப்பாடம் செய்யவில்லை, எல்லாம் போக மொத்த ஆற்றல் எந்த ஏற்பாட்டில் மிகக் குறைவோ அதில் போய் நிற்கிறது, அடிநிலை என்பதற்கு அர்த்தமே அதுதான். பலகை அந்த அர்த்தத்தை மறைத்துவிட்டு, இது ஏதோ ரேஷன் கடை க்யூ என்கிற மாதிரி காட்டுகிறது, முன்னால் வந்தவர் முன்னால்.

இதைவிட மோசம் இரும்பு. காசிமேட்டுப் பக்கமிருந்து அடிக்கும் உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உரியும், அதனால் துருவை வைத்தே அயனிகளை நடத்துவது என் பழக்கம். இரும்பில் 4எஸ்ஸில் 2, 3டி-யில் 6. பலகையில் அழகாக நிரம்பியது. இப்போது இரண்டு எலக்ட்ரானை எடுத்து இரும்பு இரண்டு பிளஸ் ஆக்குங்கள் என்றேன். பலகையைச் சாய்த்தார்கள், மேலே இருந்த இரண்டு கோலி, அதாவது 3டி-யில் இருந்தவை, வாய் வழியாக வெளியே வந்தன. மிச்சம் 4எஸ்ஸில் 2, 3டி-யில் 4. தப்பு. இரும்பு முதலில் விடுவது 4எஸ்ஸில் உள்ள இரண்டையும்தான், மிஞ்சுவது 3டி-யில் 6. துருவில் இருக்கும் இரும்பு மூன்று பிளஸ் இன்னும் ஒன்றை 3டி-யிலிருந்து விட்டு 5-இல் நிற்கிறது. ஆனால் 4எஸ் கோலிகளோ அக்ரிலிக்குக்கு உள்ளே, 3டி தட்டுக்கு அடியில், கை போகாத இடத்தில்.

அப்போது ஒரு பையன் பலகைக்கு வக்காலத்து வாங்கினான். 'மிஸ், கடைசியா ஏறுனவன்தானே மொதல்ல எறங்கணும்? ஃபுட்போர்டுல நிக்கிறவன் அவன்தானே?' நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன், 'போடா, மொதல் ஸ்டாப்புல ஏறிட்டு உள்ள போகாம ஃபுட்போர்டுலயே தொங்கறவன் இல்லியா, அதாண்டா ஃபோர் எஸ்ஸு' என்றான். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. முதன்மைக் குவாண்டம் எண் 4, ஆகவே சராசரியாக அணுக்கருவிலிருந்து தூரமாக, வாசலில் நிற்பது அதுதான். அயனியாகும்போது அது முதலில் இறங்குகிறது.

சரி, அப்படியானால் முதலில் ஏறியது 4எஸ்தானா? பொட்டாசியம், கால்சியத்தில் ஆமாம். அங்கே 3டி வெகு மேலே இருக்கிறது, 4எஸ்ஸோ உள்கூடுகளை ஊடுருவிப் போய் அணுக்கருவின் இழுப்பைக் கொஞ்சம் ருசி பார்த்துவிடுகிறது, அதனால் கீழே. ஆனால் ஸ்காண்டியத்துக்கு வந்ததும் அணுக்கருவின் மின்சுமை ஏறி 3டி சுருங்கிக் கீழே இறங்கிவிடுகிறது. நம்பவில்லை என்றால் ஸ்காண்டியம் அயனிகளைப் பாருங்கள், மூன்று பிளஸ்ஸில் ஆர்கான் கூடு மட்டும், இரண்டு பிளஸ்ஸில் இருக்கும் ஒரே ஒரு வெளி எலக்ட்ரான் 3டி-யில்தான் இருக்கிறது, 4எஸ்ஸில் இல்லை. அடுத்த இரண்டும்தான் 4எஸ்ஸுக்குப் போகின்றன. 3டி கீழே இருந்தும் ஏன் எல்லாமே அங்கே போகவில்லை என்றால், அது குறுகலான இடம், உள்ளே ஆள் சேரச் சேர ஒருவரையொருவர் தள்ளும் தள்ளு அதிகம், அதனால் இரண்டு பேரை விசாலமான 4எஸ்ஸில் விட்டால் மொத்தக் கணக்கில் லாபம். ஆக, தட்டுகளின் உயரமே தனிமத்துக்குத் தனிமம் மாறுகிறது. ஹைட்ரஜனில் 2எஸ்ஸும் 2பி-யும் ஒரே உயரம், 3எஸ், 3பி, 3டி மூன்றும் ஒரே உயரம், எலக்ட்ரான்கள் ஒன்றுக்கு மேல் ஆனபிறகுதான் இந்தப் படிக்கட்டே உண்டாகிறது. இந்தப் பலகையின் தட்டுகளோ ஃபெவிகால் போட்டு ஆணி அடித்தவை, ஹைட்ரஜனுக்கும் அதே, இரும்புக்கும் அதே. பிளஸ் ஒன் தேர்வுக்கு இந்த அளவு தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிளஸ் டூவில் இடைநிலைத் தனிமங்கள் வரும்போது 'போன வருஷம் பலகையில வேற மாதிரி வந்துச்சே மிஸ்' என்று அதே பிள்ளை கேட்கும்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வெல்டர், ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி அக்ரிலிக்கை எடுத்துவிட்டார். எடுக்கும்போது ஒரு மூலை விரிசல் விட்டது, ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறோம், இனி அதை மாட்டப்போவதும் இல்லை. பலகையைத் தரையில் படுக்கவைத்து, பட்டைகளை எல்லாம் உருவிவிட்டு, பிள்ளைகள் கையாலேயே கோலியை வைக்கிறார்கள். உருண்டு விழும் 'டக்' போய்விட்டது, அது ஒரு வருத்தம்தான். ஆனால் குரோமியத்துக்கு 4எஸ்ஸிலிருந்து ஒன்றை எடுத்து 3டி-யின் ஐந்தாவது குழியில் வைக்க முடிகிறது, இரும்பிலிருந்து 4எஸ் இரண்டையும் எடுக்க முடிகிறது, சோடியத்தின் கடைசி எலக்ட்ரானை 3எஸ்ஸிலிருந்து தூக்கி 3பி-யில் வைத்து, இது அடிநிலை இல்லை, கிளர்வு நிலை, இது திரும்ப 3எஸ்ஸில் விழும்போதுதான் 589 நானோமீட்டரில் அந்த மஞ்சள் ஒளி வருகிறது என்று காட்ட முடிகிறது. முன்பெல்லாம் நம் தெருக்களில் சோடியம் விளக்கு எரியுமே, எல்லோர் முகத்தையும் காமாலை வந்த மாதிரி காட்டுமே, அதை இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை, இப்போது எங்கும் வெள்ளை எல்.ஈ.டி.

யார் வாங்கலாம்? வீட்டில் ஒரே பிள்ளை, சொல்லித்தர யாரும் இல்லை, பலகையே சொல்லிக்கொடுத்துவிடும் என்று நினைத்தால் வாங்க வேண்டாம், 850 ரூபாய்க்கு ஒரு தப்பைப் பழக்கப்படுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து 'இங்கே பலகை பொய் சொல்கிறது பார்' என்று சொல்ல ஆள் இருந்தால் தாராளமாக வாங்கலாம், கார்பனிலிருந்து ஆர்கான் வரைக்கும் இதற்கு நிகரான பொருளை நான் பார்க்கவில்லை. செய்பவர்களுக்கு ஒரு யோசனை: அக்ரிலிக்கை ஸ்க்ரூ போடாமல் கீல் வைத்துக் கதவு மாதிரி திறக்க விடுங்கள், 4எஸ் தட்டைத் தனியாக ஒரு ஓரத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். இன்னும் நூறு ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், பேரம் பேச மாட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு அந்தக் குழி ஆழத்துக்கு.

கடையிலேயே மூட்டையைப் பிரித்து எண்ணிவிட்டு வாங்குங்கள். சிவப்பு 18, நீலம் 18.